"எனக்கு வராது மிஸ்" என்று சொல்லும் பிள்ளைகளுக்கு என்ன செய்யக் கொடுக்கலாம்?

கேள்வி: நான் ஒரு மழலையர் வகுப்பு நடத்துகிறேன். 3 முதல் 6 வயது வரை 14 பிள்ளைகள். வாரம் ஒருநாள் ஓவியமும் கைவேலையும். காகிதத் தட்டில் சிங்கம், பஞ்சு ஒட்டிய ஆட்டுக்குட்டி என்று முந்தின நாளே ஒரு மாதிரி செய்து, துண்டுகளை வெட்டி வைத்துவிடுவேன். ஆனால் பாதிப் பேர் "எனக்கு வராது மிஸ், நீங்களே பண்ணிக் குடுங்க" என்கிறார்கள். கடைசியில் நானே முடித்துக் கொடுக்கிறேன். ஒரு பையன் எந்தக் கலரைக் கொடுத்தாலும் எல்லாவற்றையும் கலந்து சேறாக்கிவிடுகிறான். ஒரு பெண் குழந்தை பெயிண்டைத் தொடவே மாட்டேன் என்று அழுகிறது. பெற்றோரோ வீட்டில் மாட்டி வைக்கிற மாதிரி எதிர்பார்க்கிறார்கள். இந்த வயதுக்குச் சரியான எளிய கைவேலைகளைச் சொல்லுங்கள்.

பதில்: அன்புள்ள வாசகிக்கு,

முதலில் அந்தச் சிங்கத்தை எடுத்துக்கொள்வோம். தட்டுக்கு என்ன நிறம், பிடரி மயிருக்கு எத்தனை துண்டு, கண் எங்கே, மூக்கு என்ன வடிவம் என்று எல்லாவற்றையும் முந்தின நாளே நீங்கள் முடிவு செய்துவிட்டீர்கள். பிள்ளைக்கு மிச்சமிருப்பது பசை தடவி ஒட்டுகிற வேலை மட்டும். அதுவும் உங்கள் சிங்கத்துக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் கோணலாகத் தெரிகிறது. 4 வயதுப் பிள்ளையின் கண்ணுக்கு அந்த வித்தியாசம் நன்றாகவே தெரியும். அதைச் சரிசெய்யத்தான் கைக்கு இன்னும் பழக்கம் இல்லை. "எனக்கு வராது" என்பது சோம்பல் பேச்சு இல்லை, கண்ணால் பார்த்ததைத்தான் பிள்ளை சொல்கிறது.

அதனால் கைவேலைகளின் பட்டியலைவிட முதலில் உங்களுக்கு வேண்டியது ஒரு சின்னக் கணக்கு. அடுத்த வகுப்புக்கு எதைத் தேர்ந்தெடுத்தாலும், அதில் பிள்ளை தானாக முடிவு செய்ய வேண்டியவை எவை என்று ஒரு தாளில் எழுதுங்கள். எந்த நிறம், எவ்வளவு, எங்கே, எப்போது நிறுத்துவது, இது என்ன என்று பெயர் வைப்பது. மூன்றுகூடத் தேறவில்லை என்றால் அந்த வேலையை மாற்றுங்கள். வகுப்பு முடிந்த பிறகும் ஒரு சோதனை உண்டு. 14 தாளையும் பெயர் பார்க்காமல் பரப்பிவைத்து, எது யாருடையது என்று உங்களால் சொல்ல முடிகிறதா பாருங்கள். முடியவில்லை என்றால் அந்த 14-ம் உங்கள் வேலைதான்.

வயதைப் பற்றி ஒரு வார்த்தை. 3 வயதுப் பிள்ளையின் கிறுக்கலில் மேலும் கீழும் போகும் கோடு, சுழல், மூடிய வட்டம் எல்லாம் இருக்கும். ரோடா கெல்லாக் என்ற அமெரிக்கர் லட்சக்கணக்கான குழந்தைப் படங்களைச் சேர்த்துப் பார்த்து, கிறுக்கலிலேயே 20 அடிப்படை வகைகளைப் பிரித்துக் காட்டினார். வட்டம் கைக்கு வந்ததும், ஏறக்குறைய 3 முதல் 4 வயதுக்குள், வட்டத்திலிருந்தே கால் முளைத்த மனிதர்கள் வருவார்கள். உடம்பு இருக்காது, கை தலையிலிருந்து கிளம்பும். திருத்த வேண்டாம். அடுத்த ஓரிரு வருடத்தில் உடம்பு தானாக வந்து சேரும். இந்தக் கட்டத்தில் நிற்கும் பிள்ளையிடம் சிங்கம் வரையச் சொல்வது, தவழும் பிள்ளையைப் படியேறச் சொல்வது போல.

இனி அந்தச் சேற்றுப் பையன். உங்கள் கடிதத்தில் எனக்கு மிகவும் பிடித்தது அவன்தான். அவனுக்கு நிறம் கலப்பதில் தீராத ஆசை இருக்கிறது, ஆனால் அவன் முன்னால் இருக்கும் பொருள் அவனை ஒரே இடத்துக்குத்தான் கொண்டுபோகிறது. சிவப்பு, மஞ்சள், நீலம் மூன்றும் ஒன்றாகச் சேர்ந்தால், ஒவ்வொரு பெயிண்டும் ஒளியில் ஒரு பகுதியை விழுங்கிவிட, மிச்சமிருப்பது மங்கலான பழுப்புதான். எந்த வரிசையில் கலந்தாலும் இதுதான் நடக்கும். ஆறு கலரை வரிசையாக வைத்தால் 3 வயதுக் கை ஐந்து நிமிடத்தில் அங்கே போய்ச் சேர்ந்துவிடும். பையனைத் தடுக்காதீர்கள், கலரைக் குறையுங்கள்.

முதல் வாரம் மஞ்சளும் நீலமும் மட்டும். ஒரு வெள்ளைத் தட்டில் ஒரு டீஸ்பூன் மஞ்சள் போஸ்டர் கலர், தட்டின் மறு ஓரத்தில் பட்டாணி அளவு நீலம். இந்த அளவு முக்கியம். நீலம் பலமான நிறம். நீலத்தில் மஞ்சளைச் சேர்த்துக்கொண்டே போனால் பாட்டிலே காலியாகும், இளம்பச்சை வராது. மஞ்சளில் நீலத்தைத் துளித் துளியாகச் சேர்த்தால் இளந்தளிர்ப் பச்சையில் தொடங்கி கரும்பச்சை வரை ஏழெட்டு நிறம் கிடைக்கும். இரண்டும் சேர்ந்தால் என்ன ஆகும் என்று முன்கூட்டிச் சொல்லாதீர்கள். பிரஷ் நீலத்தைத் தொட்டு மஞ்சளுக்குள் இறங்கும்போது முதலில் நீலக் கோடு நூல் போல இழுபடும், அதன் ஓரம் பச்சையாகும், பிறகு சட்டென்று முழுவதும் மாறும். அந்த நொடியில் பிள்ளையின் கை நின்றுவிடும். அப்போது நீங்கள் பேசாமல் இருப்பதுதான் பாடம்.

இரண்டாம் வாரம் மஞ்சளும் சிவப்பும். மூன்றாம் வாரம் வெள்ளையும் பிள்ளைக்குப் பிடித்த ஒரு நிறமும். இங்கும் வெள்ளைதான் முதலில், நிறம் துளித் துளியாக. சிவப்பும் நீலமும் கடைசியில் வரட்டும், ஏனென்றால் அதில் ஒரு சிக்கல் உண்டு. சாதாரண பெட்டிகளில் வரும் சிவப்பு பெரும்பாலும் ஆரஞ்சுப் பக்கம் சாய்ந்தது, அதாவது அதற்குள் கொஞ்சம் மஞ்சள் ஒளிந்திருக்கிறது. நீலத்தோடு சேர்த்தால் மூன்று நிறமும் கூடி, ஊதாவுக்குப் பதில் காய்ந்த ரத்த நிறம் வரும். ரோஸ் சாயல் உள்ள சிவப்பை வாங்குங்கள், பளிச்சென்று ஊதா வரும். பிரஷ் கழுவும் தண்ணீரும் ஒரு குற்றவாளி. கலங்கிய தண்ணீரில் நனைத்த பிரஷ் அடுத்த நிறத்தையும் கெடுக்கும். இரண்டு டப்பா வையுங்கள், ஒன்று அழுக்கைப் போக்க, ஒன்று அலச. பக்கத்தில் ஒரு பழைய துணி.

இவ்வளவுக்குப் பிறகும் அவன் பழுப்பையே விரும்பினால் அதையே வேலையாகக் கொடுங்கள். "இன்னைக்கு அஞ்சு விதமான பழுப்பு கண்டுபிடிக்கலாமா?" சிவப்பு கூடினால் செங்கல் நிறம், மஞ்சள் கூடினால் வைக்கோல், நீலம் கூடினால் கரி, வெள்ளை சேர்த்தால் மணல். ஒவ்வொன்றையும் ஒரு அட்டைத் துண்டில் பூசி அவன் வைக்கும் பெயரை அடியில் எழுதுங்கள். வகுப்பிலேயே நிறம் கலப்பதில் அவன்தான் கெட்டிக்காரன் ஆவான்.

தாளையும் கவனியுங்கள். நகல் எடுக்கும் தாள் 70, 80 ஜி.எஸ்.எம். (ஒரு சதுர மீட்டர் தாள் எத்தனை கிராம் என்ற கணக்கு) எடை கொண்டது. ஈரம் பட்டதும் அதன் நார்கள் ஊதி, தாள் அலை அலையாகச் சுருளும், அழுத்தினால் கிழியும். பெயிண்டுக்கு 150-க்கு மேல் வேண்டும். கிடைக்காவிட்டால் அட்டைப் பெட்டியின் உள்பக்கத்தை வெட்டிக் கொடுங்கள், அது இன்னும் நன்றாகத் தாங்கும். தாளின் நான்கு ஓரத்தையும் மேசையில் மாஸ்கிங் டேப்பால் ஒட்டி, காய்ந்த பிறகு எடுத்தால் சுருளாது. பிள்ளைக்கும் தாள் நழுவாது.

பெயிண்டுக்கு அடுத்தபடியாக மெழுகு. பிள்ளை மெழுகுக் கிரையானால் வரைகிறது, மேலே தண்ணீர்ப் பெயிண்டை இழுக்கிறது, மெழுகு தண்ணீரைத் தள்ளிவிட, வரைந்தது மட்டும் பளிச்சென்று எழும்பி நிற்கிறது. பார்க்க மந்திரம் போல இருந்தாலும் இது அடிக்கடி சொதப்பும். பெரும்பாலும் காரணம் பெயிண்ட் கெட்டியாக இருப்பதுதான், அது மெழுகையும் சேர்த்து மூடிவிடும். ஒரு டீஸ்பூன் போஸ்டர் கலருக்கு நான்கைந்து டீஸ்பூன் தண்ணீர் ஊற்றுங்கள். மெழுகின் மேல் ஒருமுறை இழுத்துப் பாருங்கள், முத்து முத்தாக உருண்டால் சரி, படிந்துவிட்டால் இன்னும் தண்ணீர் வேண்டும். மெல்லமாக வரைந்தாலும் வராது. தாளின் மேற்பரப்பு கண்ணுக்குத் தெரியாத மேடு பள்ளம். பள்ளம்வரை மெழுகு நிறைந்தால்தான் தண்ணீர் உள்ளே போகாது. 3 வயதுக் கைக்கு அவ்வளவு அழுத்தம் வராது என்பதால் அவர்களுக்குத் தடித்த மெழுகுவர்த்தித் துண்டு நல்லது. பிரஷை முன்னும் பின்னும் போட்டுத் தேய்ப்பதும் கெடுக்கும், ஒரே பக்கமாக ஒருமுறை இழுத்தால் போதும். வெள்ளைத் தாளில் வெள்ளை மெழுகு என்ற "ரகசியப் படம்" 5 வயதுக்கு மேல்தான் ரசிக்கும். சின்னவர்களுக்குத் தாங்கள் வரைவது கண்ணுக்குத் தெரிய வேண்டும், ஆகவே மஞ்சள், ஆரஞ்சுக் கிரையானும் மேலே கருநீலப் பூச்சும் கொடுங்கள்.

கிரையான் பற்றிப் பேசும்போதே ஒன்று. முழுக் கிரையானைச் சின்னப் பிள்ளை முஷ்டியால் பிடிக்கும். அதையே 3 சென்டிமீட்டர் துண்டாக உடைத்துக் கொடுத்தால் முஷ்டிக்கு இடமில்லை, விரல் நுனிகள்தான் பிடிக்க முடியும். எழுதும் பிடிக்கு இதைவிட எளிய பயிற்சி கிடையாது. புதுக் கிரையானைப் பிள்ளைகள் கண்ணெதிரே உடைக்காதீர்கள், மனசு உடைந்துபோகும். சுற்றியுள்ள காகிதத்தையும் உரித்துவிட்டால், படுக்கவைத்து இலை, நாணயம், சாக்கு, கதவின் கரடு என்று எதன் மேலும் தாளை வைத்துத் தேய்த்தெடுக்கலாம். இதற்கு மட்டும் மெல்லிய தாள். இலையை நரம்புப் பக்கம் மேலே வைத்து, தாளை டேப்பால் நகராமல் ஒட்டிவிடுங்கள். இலை பச்சையாக இருக்கட்டும், காய்ந்தது நொறுங்கும்.

பிசைமாவை வாரம் தவறாமல் வையுங்கள். மைதா 2 கப், தூள் உப்பு 1 கப், தண்ணீர் 2 கப், எண்ணெய் 2 மேசைக்கரண்டி, எலுமிச்சைச் சாறு 2 மேசைக்கரண்டி. உப்பை முதலில் தண்ணீரில் முழுவதும் கரையுங்கள், இல்லாவிட்டால் மாவு நறநறவென்று இருக்கும். எல்லாவற்றையும் கட்டியில்லாமல் கலக்கி, சிறு தீயில் கிளறிக்கொண்டே இருங்கள். பாத்திரத்தின் ஓரத்தை விட்டு ஒரே உருண்டையாகத் திரளும்போது இறக்கி, ஆறிய பின் ஐந்து நிமிடம் பிசையுங்கள். கையில் ஒட்டினால் வேகவில்லை என்று அர்த்தம், மாவு தூவுவதைவிடத் திரும்ப அடுப்பில் வைப்பது நல்லது. வெடித்தால் காய்ந்துவிட்டது, கையை நனைத்துப் பிசையுங்கள். இந்த அளவு ஏழெட்டுப் பேருக்கு வரும், உங்கள் வகுப்புக்கு இரண்டு மடங்கு. காற்றுப் புகாத டப்பாவில் ஒன்றிரண்டு வாரம் இருக்கும், வாடையோ பூஞ்சையோ தெரிந்தால் தூக்கிப் போடுங்கள். உப்பு மிகுதி என்பதால் யாரும் தின்னாமல் பார்த்துக்கொள்ளுங்கள், நாய்க்கும் அது ஆபத்து. கோதுமை ஒவ்வாமை உள்ள பிள்ளை இருக்கிறதா என்று பெற்றோரிடம் முன்பே கேட்டுவிடுங்கள். முதல் இரண்டு வாரம் அச்சு, கட்டை எதுவும் வேண்டாம். கையே போதும். அழுத்துவது, உருட்டுவது, கிள்ளுவது, குத்துவது எல்லாம் ஓய்ந்த பிறகு குச்சியும் கரண்டியும் ஒவ்வொன்றாக வரட்டும். அச்சை முதலில் கொடுத்தால் அச்சு வெட்டுவதோடு நின்றுவிடுவார்கள்.

கத்தரிக்கோலில் பெரியவர்கள் அவசரப்படுவதுதான் தவறு. வட்டம் வெட்டுவது கடைசிப் படி. தொடக்கத்தில் 2 சென்டிமீட்டர் அகலமுள்ள கெட்டி அட்டைப் பட்டையைக் கொடுங்கள், ஒரே கடியில் துண்டு விழ வேண்டும். பழைய வாழ்த்து அட்டை மிகப் பொருத்தம். மெல்லிய தாள் எளிது என்று தோன்றும், ஆனால் அது இரண்டு அலகுக்கும் நடுவே மடங்கிப் போகும். விழுந்த துண்டுகளைச் சேர்த்து அடுத்த வாரம் ஒட்டுவேலைக்கு வைத்துக்கொள்ளலாம். அது பழகியதும் 5 சென்டிமீட்டர் பட்டை, பிறகு நேர்கோடு, பிறகு வளைவு. கட்டைவிரல் நகத்தில் ஒரு சின்ன ஸ்டிக்கர் ஒட்டி, "இந்தப் பூ எப்பவும் மேல பாக்கணும்" என்று சொன்னால் மணிக்கட்டு திரும்பாது. வளைவு வெட்டும்போது தாள் பிடித்த கைதான் சுழல வேண்டும், கத்தரி நேரே போகட்டும். ஒரு பிள்ளை மட்டும் எவ்வளவு முயன்றும் தாளை மடக்கிக்கொண்டே இருந்தால் அது இடக்கையா என்று பாருங்கள். வலக்கைக் கத்தரி இடக்கையில் போனால் அலகுகள் விலகிவிடும், வெட்டும் கோடும் மறைந்துவிடும். இடக்கைக் கத்தரி ஒன்று வகுப்பில் இருந்தே ஆக வேண்டும்.

ஒட்டுவேலையில் பசை பாட்டிலைக் கையில் கொடுத்தால் பாட்டிலைப் பிதுக்குவதே விளையாட்டாகிவிடும். அதிலும் தப்பில்லை, ஆனால் தாள் காயாது. சிறு கிண்ணத்தில் ஒரு டீஸ்பூன் வெள்ளைப் பசையும் ஒரு பிரஷும் போதும். ஒட்டும் பொருள்கள் மூன்று வகைக்கு மேல் வேண்டாம். சின்னப் பொருள்களில் எச்சரிக்கை வேண்டும். 3 வயதுக்கு உட்பட்டவர்களுக்கான பொம்மைகளைச் சோதிக்கப் பயன்படும் குழாயின் விட்டம் 3.17 சென்டிமீட்டர். அதற்குள் போகிற எதுவும் தொண்டையில் சிக்கலாம். தண்ணீர் பாட்டில் மூடிகூட அதற்குள் போய்விடும். வாயில் வைக்கும் பழக்கம் விடாத பிள்ளை எந்த வயதானாலும் இதே கணக்குதான். பெயிண்டில் நச்சற்றது என்ற குறிப்பைப் பாருங்கள், அழியாத மார்க்கரைக் கொடுக்க வேண்டாம், பொடியாக வரும் பெயிண்டைப் பிள்ளைகள் வருவதற்கு முன்பே நீங்கள் கரைத்து வைத்துவிடுங்கள்.

பெயிண்டைத் தொட மாட்டேன் என்று அழும் குழந்தையை ஒருநாளும் கையைப் பிடித்து முக்கவைக்காதீர்கள். சில பிள்ளைகளுக்கு ஈரமும் பிசுபிசுப்பும் உண்மையிலேயே தாங்க முடியாதவை. கெட்டியான ஜிப் பையில் இரண்டு நிறம், ஒவ்வொன்றும் ஒரு மேசைக்கரண்டி ஊற்றி, காற்றை வெளியேற்றி மூடி, வாயை டேப்பால் ஒட்டி மேசையில் பதியுங்கள். மேலே விரலால் வரையலாம், கையில் ஒரு துளி படாது. அது பழகியதும் நீண்ட பிடி பிரஷ், பிறகு குட்டை பிரஷ், பிறகு ஸ்பாஞ்ச். பக்கத்தில் ஈரத்துணி கண்ணில் படும்படி இருக்கட்டும். எப்போது வேண்டுமானாலும் துடைத்துக்கொள்ளலாம் என்று தெரிந்தால் பயம் பாதி குறையும். வாரங்கள் ஆகலாம், ஆகட்டும். பெயிண்டே வேண்டாம் என்று பிசைமாவோடும் கிரையானோடும் அவள் இருந்துவிட்டாலும் ஒன்றும் குறைந்துவிடாது. ஆனால் சட்டை, சோப்பு, உணவு என்று மற்ற நேரங்களிலும் இதே மிரட்சி இருந்து அன்றாடத்தையே பாதித்தால், குழந்தை மருத்துவரிடம் சொல்லும்படி பெற்றோருக்கு மென்மையாக எடுத்துச் சொல்லுங்கள்.

வேலை நடக்கும்போது நீங்கள் பேசுவது பெயிண்டைவிட ஆழமாகப் பதியும். "இது என்ன?" என்று கேட்காதீர்கள். பல நேரம் அது எதுவுமே இல்லை, கேட்டதற்காக ஒரு பதிலைத் தேட வேண்டியிருக்கும். "ரொம்ப அழகு" என்பதும் அடுத்த முறை உங்கள் முகத்தைப் பார்த்து வரைய வைக்கும். கண்ணில் படுவதைச் சொல்லுங்கள். "இந்த மூலையில நிறைய சுத்தியிருக்கியே." "நீலத்தை ஓரத்துல மட்டும் வெச்சிருக்க." பிறகு காத்திருங்கள். பேச விரும்பும் பிள்ளை பேசும். "நீங்களே வரைஞ்சு குடுங்க" என்றால் அதன் தாளில் கை வைக்காதீர்கள். "பூனையோட எந்த இடம் கஷ்டமா இருக்கு? காது எப்படி இருக்கும், கையால காட்டு" என்று கேளுங்கள். காற்றில் விரலால் காட்டிய வடிவத்தைத் தாளில் போட அரை நிமிடம் போதும்.

நட்சத்திரம், பரிசு ஒட்டும் வழக்கம் இருந்தால் விட்டுவிடுங்கள். மார்க் லெப்பர், டேவிட் கிரீன், ரிச்சர்ட் நிஸ்பெட் ஆகியோர் 1973-ல் வெளியிட்ட ஆய்வில், வரைவதில் ஆசையுள்ள 3 முதல் 5 வயதுப் பிள்ளைகளில் சிலருக்கு, வரைந்தால் சான்றிதழ் தருவோம் என்று முன்பே சொல்லி, வரைந்த பிறகு கொடுத்தார்கள். சில நாள் கழித்து யாரும் சொல்லாமல் விட்டபோது, அந்தப் பிள்ளைகள் மற்றவர்கள் வரைந்த நேரத்தில் ஏறக்குறைய பாதிதான் வரைந்தார்கள். எதிர்பாராமல் சான்றிதழ் கிடைத்தவர்களிடம் இந்தக் குறைவு தெரியவில்லை.

14 பேரையும் ஒரே நேரத்தில் பெயிண்டில் உட்கார வைக்காதீர்கள். பெயிண்ட் மேசையில் நான்கு பேர், மற்றவர்கள் மாவிலும் கிரையானிலும். சின்னவர்கள் பத்து நிமிடத்தில் எழுந்துவிடுவார்கள், பெரியவர்கள் அரை மணி நேரம்கூட இருப்பார்கள். எழுந்தவரைத் திருப்பி உட்கார வைக்க வேண்டாம். ஒரே வேலையை மூன்று நான்கு வாரம் தொடர்ந்து வையுங்கள். முதல் வாரம் பொருளைத் தெரிந்துகொள்வதிலேயே போய்விடும். இரண்டாம், மூன்றாம் வாரத்தில்தான் பிள்ளைக்குச் சொந்தமாக ஏதாவது தோன்ற ஆரம்பிக்கும்.

பெற்றோருக்கு வருகிறேன். அவர்கள் கேட்பதில் தப்பில்லை, பார்க்கத் தெரிந்த ஒன்றைத்தான் கேட்கிறார்கள். ஆகவே பார்ப்பதற்கு ஏதாவது கொடுங்கள். ஒவ்வொரு படத்துக்கும் பக்கத்தில் ஒரு சீட்டு வையுங்கள். மேல்வரியில் என்ன பழகினார்கள் என்பது: "மஞ்சளில் நீலத்தைத் துளியாகக் கலந்து ஏழு பச்சை." கீழ்வரியில் பிள்ளை சொன்னது, அது சொன்னபடியே. படத்தின் பின்பக்கம் பெயரும் தேதியும் பென்சிலால், அதுவும் தாள் ஈரமாவதற்கு முன்பே எழுதிவிடுங்கள். ஸ்கெட்ச் பேனா ஈரத்தில் ஊறி முன்பக்கம் வந்துவிடும். மாதம் ஒரு படத்தை வீட்டுக்கு அனுப்பாமல் பிள்ளையின் பெயர் போட்ட உறையில் வைத்திருங்கள். பருவ முடிவில் பெற்றோரை உட்கார வைத்து அவற்றை வரிசையாகப் பரப்புங்கள். ஜூன் மாதம் வெறும் சுழலாக இருந்தது செப்டம்பரில் மூடிய வட்டமாகி, டிசம்பரில் கண்ணும் காலும் முளைத்து நிற்பதை அவர்களே விரல் வைத்துக் காட்டுவார்கள்.